எண்டோதீலினும் குழந்தைகளின் சிறுநீரகமும்: நீலகிரிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சிறுநீரக நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. பிள்ளைக்கு நெஃப்ராட்டிக், அதாவது சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய், என்று தெரிந்ததும் ராத்திரியெல்லாம் போனில் தேடிப் படித்துவிட்டு, "எண்டோதீலின்னு ஒண்ணு இருக்காமே டாக்டர், அதைத் தடுக்கிற மருந்து வந்திருக்காமே, எங்க பையனுக்குக் கிடைக்காதா?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. நியாயமான கேள்விதான், பதில்தான் கொஞ்சம் நீளம். நான் குழந்தை மருத்துவன். ஆனாலும் உங்கள் பிள்ளையைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், இதை வைத்து மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எண்டோதீலின் என்றால் என்ன?

ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுக்க ஒரே ஒரு அடுக்குச் செல்கள் படர்ந்திருக்கும். எண்டோதீலியம் என்று அதற்குப் பெயர். அந்தச் செல்கள் சுரக்கிற ஒரு சின்னப் புரதத் துண்டு, அதாவது பெப்டைடு, எண்டோதீலின். மொத்தமே 21 அமினோ அமிலங்கள். முதலில் பெரிய புரதமாக உருவாகி, நறுக்கப்பட்டு 38 ஆகி, கடைசியில் ஒரு நொதி வெட்டியதும் 21-க்கு வருகிறது. அப்போதுதான் அதற்கு முழு வீரியம்.

1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவா, தோமோ மசாகி ஆகியோரின் குழு, பன்றியின் பெருந்தமனிச் செல்களை வளர்த்த திரவத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. ரத்தக்குழாயைச் சுருக்குவதில் அன்றைக்குத் தெரிந்திருந்த எல்லாப் பொருள்களையும் இது மிஞ்சியது. 1, 2, 3 என்று மூன்று வகை உண்டு. சிறுநீரக நோயில் பேச்சு அடிபடுவது எண்டோதீலின்-1.

பாம்பு விஷத்தில் இருக்கிற பொருள்தான் இது என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. இஸ்ரேல் பக்கத்துப் பாலைநிலத்தில் அட்ராக்டாஸ்பிஸ் என்று வளை தோண்டி வாழும் பாம்பு ஒன்று இருக்கிறது. அதன் விஷத்தில் உள்ள சாராஃபோடாக்சினும் 21 அமினோ அமிலம் கொண்டதுதான், அமைப்பும் ஏறக்குறைய இதே. அது கடித்தால் இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகும். நம் உடம்பில் இருப்பது விஷம் கிடையாது, நாமே செய்துகொள்வது, அதுவும் மிக மிகக் குறைந்த அளவில். அந்தப் பாம்பு நம் மலையில் இல்லை. தேயிலைக்குள் பச்சையாகச் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் வேறு ஜாதி. ஒரு பாட்டி இதை வைத்து, பேரனைச் சின்ன வயதில் ஏதோ தீண்டியிருக்குமோ என்று கவலைப்பட்டார். அப்படி எதுவும் இல்லை.

சரி, ரத்தக்குழாயைச் சுருக்குகிறது என்றால் அது கெட்டதுதானே?

எங்கே போய் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது. எண்டோதீலின் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு வாங்கி (ரிசெப்டர்) என்று பெயர். உடம்பில் இரண்டு வகை உண்டு: ஏ வாங்கி, பி வாங்கி. ரத்தக்குழாயின் தசையில் இருக்கும் ஏ-யில் ஒட்டினால் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நாளடைவில் தழும்பு கட்டும். உட்சுவரில் இருக்கும் பி-யில் ஒட்டினால் நைட்ரிக் ஆக்சைடு வெளியாகி அதே குழாய் விரியும். சுற்றித் திரியும் எண்டோதீலினை ரத்தத்திலிருந்து துடைத்தெடுப்பதிலும் பி-க்குப் பங்கு உண்டு. சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் உள்ள பி வாங்கி, உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளிவிட உதவுகிறது.

அதனால் எண்டோதீலினே இல்லாமல் செய்துவிட்டால் நல்லது என்று நினைக்க முடியாது. உடம்பிலேயே எண்டோதீலின் அதிகமாகச் செறிந்திருக்கும் இடங்களில் ஒன்று, ஆரோக்கியமான சிறுநீரகத்தின் உட்பகுதிதான்.

நோயுள்ள சிறுநீரகத்தில் அது என்ன செய்கிறது?

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்ற பதில்களெல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் ஒரு சுருள். அந்தச் சுருளை வெளியிலிருந்து விரல் கோத்ததுபோல் பிடித்திருக்கும் செல்களுக்குப் போடோசைட் என்று பெயர். அந்த விரல்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் நெஃப்ரின் முதலிய புரதங்களால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறது. தண்ணீரும் கழிவும் அதைத் தாண்டிப் போகும், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் போகக் கூடாது. நெஃப்ராட்டிக் நோயில் விரல்கள் தட்டையாகிவிடும், இடுக்கு குலையும், ஆல்புமின் சிறுநீரில் ஒழுகும். கண் இமை வீக்கம், கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர் எல்லாம் அதன் விளைவு.

எண்டோதீலின்-1 இங்கே மூன்று விதத்தில் கெடுக்கிறது. வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயையும், வெளியே கொண்டுபோகும் குழாயையும் சுருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. இரண்டாவது, போடோசைட்டின் ஏ வாங்கியில் ஒட்டி அதன் உள்சட்டத்தையே குலைக்கிறது, நெஃப்ரின் குறைகிறது, ஒழுக்கு கூடுகிறது. மூன்றாவதாக, சுருளின் நடுவில் இருக்கும் மெசாஞ்சியல் செல்களைப் பெருகவைத்துத் தழும்பை வளர்க்கிறது. எலிகளில் இன்னொன்றும் தெரியவந்தது: அடிபட்ட போடோசைட்டே எண்டோதீலினைச் சுரந்து பக்கத்து ரத்தக்குழாய்ச் செல்லைக் காயப்படுத்துகிறது, காயப்பட்ட அந்தச் செல் திரும்பப் போடோசைட்டைக் கொல்கிறது.

ஒழுகும் புரதத்தை உறிஞ்சி உறிஞ்சிக் களைத்த சிறுநீரகக் குழாய்ச் செல்களும் எண்டோதீலினைக் கூடுதலாகச் சுரக்கும். ஒழுக்கினால் எண்டோதீலின் ஏறும், எண்டோதீலினால் ஒழுக்கு ஏறும். இந்தச் சுழற்சியை நடுவில் வெட்ட முடியுமா என்பதுதான் புதிய மருந்துகளின் நோக்கம்.

அப்படியானால் என் மகனுக்கு நெஃப்ராட்டிக் வந்தது எண்டோதீலினால்தானா?

இல்லை. குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக்கில் பெரும்பாலானது மினிமல் சேஞ்ச் வகை. அதன் தொடக்கம் உடம்பின் எதிர்ப்புசக்திக் கோளாறோடு தொடர்புடையது. பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் ஸ்டீராய்டு கொடுத்தால் ஒழுக்கு நின்றுவிடும். எண்டோதீலின் அங்கே கதையின் ஓரத்தில் நிற்கிறது.

ஸ்டீராய்டுக்கு மசியாத பிள்ளைகளிடம்தான் அது நடுவுக்கு வருகிறது, குறிப்பாக எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற தழும்பு வகையில். இந்த வகைப் பிள்ளைகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் எண்டோதீலின்-1 கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை, பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். நோயைத் தொடங்கிவைப்பதைவிட, தொடங்கிய நோயை முற்றவைப்பதில்தான் அதற்குப் பங்கு அதிகம் என்பது என் புரிதல்.

ரத்தத்தில் எண்டோதீலின் அளவைப் பார்த்துவிடலாமா? கோயம்புத்தூரில் எடுக்கிறார்களாமே?

வேண்டாம். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கலாம்.

கோபப்பட்டுச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. எண்டோதீலின் பெரும்பாலும் ரத்தத்துக்குள் சுரப்பதே இல்லை. செல்லின் அடிப்பக்கமாகத் தசையை நோக்கிச் சுரந்து, பக்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. தப்பித்தவறி ரத்தத்தில் கலந்ததும் சில நிமிடங்களில் துடைக்கப்பட்டுவிடும். ரத்தத்தில் கிடைக்கும் எண்ணைப் பார்த்துச் சிறுநீரகத்துக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. சிறுநீரில் உள்ள எண்டோதீலின் சிறுநீரகத்திலேயே உண்டானது என்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு அது பயன்படும். ஆனால் இந்த அளவுக்கு மேல் போனால் இந்த மருந்து என்று எந்த விதியும் இல்லை. எண் உயர்ந்து வந்தாலும் தாழ்ந்து வந்தாலும் உங்கள் பிள்ளைக்கு நாளைக்குக் கொடுக்கப்போவது அதே மாத்திரைதான்.

அப்படியானால் எதைத்தான் அளப்பது?

காலையில் முதலில் போகும் சிறுநீரில் ஆல்புமின். வீட்டிலேயே பார்க்கலாம். டிப்ஸ்டிக் பட்டை வாங்க முடிந்தால் அது சுலபம். முடியாவிட்டால் டெஸ்ட் டியூபில் சிறுநீரை எடுத்து மேல்பாதியைச் சூடாக்கும் பழைய முறையே போதும். கலங்கினால் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விடுங்கள். தெளிந்துவிட்டால் அது பாஸ்பேட், அப்படியே நின்றால் ஆல்புமின். தோட்டத்து வேலைக்கு ஆறு மணிக்குக் கிளம்பும் அம்மாக்கள்கூட இதைச் செய்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டில் தேதி, ஆல்புமின், எடை, மாத்திரை அளவு என்று நான்கு கட்டம் போட்டால் போதும்.

தொடர்ந்து 3 நாள் இல்லை அல்லது சுவடு என்று வந்தால் நோய் அடங்கியிருக்கிறது. தொடர்ந்து 3 நாள் 3 பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பி வந்துவிட்டது. வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே சொல்லுங்கள். இந்த நோட்டோடு வரும் அம்மாவுக்கு, கட்டுக்கட்டாக லேப் ரிப்போர்ட் கொண்டுவருபவரைவிட நான் சீக்கிரம் வழி சொல்லிவிடுவேன்.

அப்புறம் ரத்த அழுத்தம். பிள்ளையின் கைக்கு ஏற்ற கஃப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுடைய கஃப்பைச் சின்னக் கையில் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டிவிடும், நாமும் நிம்மதியாகப் போய்விடுவோம்.

ஊட்டி உயரமும் குளிரும் எண்டோதீலினைக் கூட்டுமா? நாங்கள் கீழே குடிபோக வேண்டுமா?

போனில் தேடியவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. ஆக்சிஜன் குறைந்தால் எண்டோதீலின்-1 கூடும் என்பது உண்மை. இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையில் மான்ட்டே ரோசா மலையின் 4,559 மீட்டர் உயரத்துக் குடிலில் மலையேறிகளிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள், கூடத்தான் செய்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கோத்தகிரி அதைவிடக் கீழே, கூடலூர் இன்னும் கீழே. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் உடம்பு அதற்குப் பழகியது. நம் உயரத்தால் பிள்ளைகளுக்குச் சிறுநீரக நோய் வருகிறது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வீட்டை விற்க வேண்டாம்.

குளிர் வேறு விஷயம். கடும் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் சற்று ஏறும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் நடுங்கிக்கொண்டே வந்த பிள்ளைக்கு உடனே அழுத்தம் பார்த்தால் எண் கூடுதலாகத்தான் வரும். கொஞ்ச நேரம் உட்காரவைத்து, கையைச் சூடாக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். மற்றபடி குளிர்காலத்திலும் மழைக்காலத்திலும் நான் பயப்படுவது சளிக்கு. சாதாரண ஜலதோஷமே ஆல்புமினைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

எங்கள் பாப்பாவுக்கு சிக்கிள் செல் (அரிவாள் செல் நோய்). கூடலூரில் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொன்னார்கள். இதற்கும் எண்டோதீலினுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சொல்லப்போனால் நம் மாவட்டத்தில் எண்டோதீலினைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றால் முதலில் இதைத்தான் பேச வேண்டும்.

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பதை மருத்துவ உலகம் முதலில் பதிவுசெய்ததே நீலகிரியில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டார்கள். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இது இருக்கிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அமிலமும் உப்பும் அதிகம். சிவப்பணு அரிவாளாக வளைவதற்கு இதைவிடத் தோதான இடம் உடம்பில் இல்லை. வளைந்த அணுக்கள் உட்சுவரில் உரசும்போது அந்தச் செல்கள் எண்டோதீலினைச் சுரக்கின்றன, குழாய் சுருங்குகிறது, ஆக்சிஜன் இன்னும் குறைகிறது, இன்னும் அணுக்கள் வளைகின்றன. வலி வந்து துடிக்கும் நேரத்தில் ரத்தத்தில் எண்டோதீலின் கூடியிருப்பதும் தெரிந்ததே. எலிகளில் ஏ வாங்கியைத் தடுத்தபோது சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது. மனிதர்களில் வயதுவந்தோர் சிலரிடம் முதற்கட்ட ஆய்வு நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கு இன்னும் இல்லை.

இந்தப் பிள்ளைகளிடம் முதலில் தெரிவது, சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் போவது. நிறைய சிறுநீர் போகும், பெரிய பிள்ளையானாலும் படுக்கையை நனைக்கும். அடிக்காதீர்கள், அது பிடிவாதம் இல்லை. தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், அது வலியைக் கூப்பிட்டு வரும். ஆல்புமின் ஒழுக்கு வருவது அதற்குப் பிறகு. அதனால் பள்ளிப் பருவத்திலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பது நல்லது. அரிவாள் செல்லுக்கான ஹைட்ராக்சியூரியா மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் விடாமல் கொடுங்கள்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் எந்த மாத்திரை கொடுக்கலாம்?

பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். எண்டோதீலின் சுருக்கும்போது எதிர்ப்பக்கம் குழாயை விரித்துப் பிடித்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த வலி மாத்திரைகள் அதைத்தான் நிறுத்துகின்றன. நல்ல சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும், வீங்கியிருக்கும் பிள்ளையின் சிறுநீரகம் சமாளிக்காது. மெடிக்கல் கடையில் 'காய்ச்சலுக்கு ஒரு சிரப்' என்று கேட்கும்போது பெயரைப் படித்து வாங்குங்கள். இரண்டு மருந்தும் கலந்த சிரப்புகளும் உண்டு.

சைக்ளோஸ்போரின் கொடுக்கிறார்கள். அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்கிறார்களே?

சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டுக்கு மசியாத நோயில் பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. இந்த மருந்துகளே எண்டோதீலினைக் கூட்டி, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைச் சுருக்கும் என்பதும் உண்மைதான். ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), ரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றையும் விடாமல் பார்ப்பது இதற்காகத்தான். ரத்தம் எடுக்கச் சொன்ன நாளில் காலை மாத்திரையைக் கொடுக்காமல் வந்து, எடுத்தபின் கொடுங்கள். இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும்.

எண்டோதீலினைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. சிறுநீரகத்துக்கு முன்பே நுரையீரலுக்கு வந்துவிட்டது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோய்க்கு போசென்டான் 2001-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2017-இல் 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும்.

சிறுநீரகத்தில் பாதை அவ்வளவு நேராக இல்லை. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அவோசென்டான் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆல்புமின் குறைந்தது, ஆனால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு இதயம் தளர்ந்தது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் நெஃப்ராட்டிக் பிள்ளைக்கு இந்த ஒரு பக்கவிளைவே போதும் நாம் பயப்பட. பிறகு வந்தது ஸ்பார்சென்டான். எண்டோதீலினின் ஏ வாங்கியையும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வாங்கியையும் ஒரே மாத்திரை அடைக்கிறது. ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற வேறொரு சிறுநீரக நோய் உள்ள பெரியவர்களுக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதே நோய்க்கு 2025-இல் அட்ராசென்டானும் வந்தது.

எஃப்.எஸ்.ஜி.எஸ்.-க்கு ஸ்பார்சென்டானைச் சோதித்த டியூப்ளெக்ஸ் ஆய்வில் 8 முதல் 75 வயது வரை 371 பேர் இருந்தார்கள். 108 வாரம் பார்த்ததில், பழைய மருந்தான இர்பெசார்ட்டானைவிட ஆல்புமின் நன்றாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சரியும் வேகத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. சின்னக் குழந்தைகளுக்கென்று தனி ஆய்வும் தொடங்கியிருக்கிறார்கள். கல்லீரலைக் கவனிக்க வேண்டும், கருவில் உள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இரட்டை எச்சரிக்கை. போனில் பார்த்த "அற்புத மருந்து" என்ற தலைப்பை இந்த விவரங்களோடு சேர்த்துப் படியுங்கள்.

எனலாப்ரில் ரத்த அழுத்த மாத்திரையாயிற்றே, என் பிள்ளைக்கு அழுத்தமே இல்லை. ஏன் கொடுத்தார்கள்?

வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் ஒழுக்கையும் குறைக்க. உடம்பில் எண்டோதீலினைத் தூண்டிவிடுபவற்றில் முக்கியமானது ஆஞ்சியோடென்சின். எனலாப்ரிலும் ராமிப்ரிலும் அது உருவாவதையே குறைப்பதால், எண்டோதீலின் பக்கமும் கொஞ்சம் அடங்குகிறது. விலை குறைவு, அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும்.

2009-இல் வெளிவந்த எஸ்கேப் என்ற ஐரோப்பிய ஆய்வு இதில் முக்கியமானது. நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள 385 பிள்ளைகள், 3 முதல் 18 வயது, எல்லோருக்கும் ராமிப்ரில். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு அழுத்தத்தை வழக்கத்தைவிடக் கீழே இறக்கி வைத்தார்கள். 5 ஆண்டில் சிறுநீரகம் பெரிதும் கெட்டவர்கள் அந்தப் பாதியில் 29.9 சதவீதம், மற்ற பாதியில் 41.7 சதவீதம். புதிய மருந்துக்காக ஏங்குவதற்கு முன் இந்த எண்களை ஒருமுறை பார்க்கச் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்த மாத்திரையை அன்றைக்கு நிறுத்த வேண்டியிருக்கலாம், போன் செய்து கேளுங்கள்.

உப்பு?

வீக்கம் இருக்கும்வரை குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர், பாக்கெட் சிப்ஸ் வேண்டாம். பேக்கரி வர்க்கியும் தினமும் வேண்டாம். வீக்கம் வடிந்ததும் வீட்டுச் சாப்பாட்டைச் சாதாரணமாகக் கொடுக்கலாம். முட்டை, பருப்பை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளை.

எப்போது உடனே மலை இறங்க வேண்டும்?

காய்ச்சலோடு வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, வலிப்பு அல்லது தாங்காத தலைவலி, அரை நாளாகச் சிறுநீரே போகாதது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஸ்டீராய்டு மாத்திரை வாந்தியில் வெளியே வந்துகொண்டே இருப்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேராகக் கோவைக்கு ஓடுவதற்கு முன் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து ஜி.எச்.சிலோ காட்டிவிடுங்கள். முதல் ஊசி அங்கேயே போட்டுவிட்டு அனுப்புவார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடு கிட்டம் என்றால் அங்கே போவதில் தப்பில்லை.

மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பாதை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. அதனால் ஜூன் தொடங்குவதற்குள் இரண்டு வார மாத்திரையாவது வீட்டில் கூடுதலாக இருக்கட்டும். ஆல்புமின் நோட்டையும் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு மாத்திரையோடு வையுங்கள். அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அந்தக் கவர் கூடப் போக வேண்டும்.